வாசகர் கேள்வி பதில்: "நான் எல்லோரையும் ஒரே மாதிரிதான் நடத்துகிறேன்"

இந்த முறை வந்த கடிதங்களில் பல ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. வேறு நாடு, வேறு மொழி, வேறு நம்பிக்கை உள்ளவர்களோடு சேர்ந்து வேலை செய்கிறோம், படிக்கிறோம்; நம் மனதில் ஊறிக் கிடக்கும் முன்முடிவுகளை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்கிறார்கள். அதனால் இந்த இதழ் முழுக்க அதுவே.

கேள்வி: எங்கள் குழுவில் பல நாட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். அலுவலகப் பயிற்சியில் கணினியில் ஒரு டெஸ்ட் கொடுத்தார்கள். முகங்களும் சொற்களும் மாறி மாறி வரும், இடது வலது பட்டனை வேகமாக அழுத்த வேண்டும். கடைசியில் எனக்கு ஒரு இனத்தார் பக்கம் "மிதமான சாய்வு" இருப்பதாக வந்தது. நான் யாரையும் அப்படி நடத்தியதே இல்லை. அன்றிலிருந்து மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. நான் இனவெறி பிடித்தவனா?

பதில்: அந்த முடிவை வைத்து அப்படிச் சொல்லவே முடியாது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது உளவியலாளர் ஆன்டனி கிரீன்வால்டும் அவருடைய சகாக்களும் 1998-ல் வெளியிட்ட மறைமுகத் தொடர்புச் சோதனை வகையைச் சேர்ந்தது. இரண்டு விஷயங்கள் நம் மனதில் ஏற்கெனவே ஒட்டிக்கிடந்தால் அவற்றை ஒரே பட்டனில் சேர்த்து அழுத்துவது சுலபம், ஒட்டாதவற்றைச் சேர்க்கச் சொன்னால் விரல் கொஞ்சம் தயங்கும், அந்தத் தயக்கத்தை மில்லிவினாடிக் கணக்கில் அளக்கிறார்கள். அவ்வளவுதான். அந்த ஒட்டுதல் நீங்கள் வளர்ந்த சூழலிலிருந்தும் பார்த்த செய்திகளிலிருந்தும் காதில் விழுந்த பேச்சிலிருந்தும் வந்திருக்கலாம். அதை நீங்கள் நம்புகிறீர்களா, அதன்படி நடக்கிறீர்களா என்பது வேறு. அதோடு, ஒரே ஆள் இன்னொரு நாள் அதே சோதனையைச் செய்தால் மதிப்பெண் மாறலாம். பெரிய கூட்டத்தை ஆராய்வதற்கு அது பயன்படும், ஒரு தனி மனிதர் மேல் முத்திரை குத்துவதற்குப் பயன்படாது. பயிற்சி கொடுத்தவர்கள் இதைச் சொல்லாமல் விட்டது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

ஆனால் இதைக் கேட்டு முழு நிம்மதி அடைந்துவிடவும் வேண்டாம். 492 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஓர் அலசல் 2019-ல் வந்தது. பயிற்சிகளால் இந்த மாதிரி மதிப்பெண்களைக் கொஞ்சம் நகர்த்த முடிகிறது, ஆனால் மதிப்பெண் நகர்ந்ததால் நடத்தையும் மாறியது என்பதற்கு ஆதாரம் இல்லை என்றது அது. அதனால் மதிப்பெண்ணைத் துரத்தாமல் நடத்தையைப் பாருங்கள் என்பேன். "நான் யாரையும் அப்படி நடத்தியதே இல்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, டெஸ்ட் முடிவைவிட அந்த வரிதான் என்னை யோசிக்க வைக்கிறது. அது உங்களுக்கு எப்படித் தெரியும்? உங்களோடு வேலை செய்பவர்கள் யாராவது சொன்னார்களா?

கேள்வி: மனசாட்சிப்படி எனக்குள் தேடிப் பார்த்துவிட்டேன், பாரபட்சம் எதுவும் தட்டுப்படவில்லை. வேறு எங்கேதான் தேடுவது?

பதில்: உள்ளே தேடினால் அனேகமாக யாருக்கும் தட்டுப்படாது. 2002-ல் எமிலி ப்ரோனின், டேனியல் லின், லீ ராஸ் மூவரும் இதை ஆராய்ந்தார்கள். பலவகைச் சாய்வுகளை விவரித்து, இது உங்களிடம் எவ்வளவு, மற்றவர்களிடம் எவ்வளவு என்று கேட்டால், மற்றவர்களிடம்தான் அதிகம், என்னிடம் குறைவு என்றே மக்கள் சொன்னார்கள். காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். நம்மை எடைபோடும்போது நம் எண்ணத்தைப் பார்க்கிறோம், அது நல்ல எண்ணமாகத்தான் இருக்கும். அடுத்தவரை எடைபோடும்போது அவர் செய்ததைப் பார்க்கிறோம்.

அதனால் உங்களையும் வெளியிலிருந்து பாருங்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது, நீங்கள் காரணம் சொல்லும் விதத்தை. உங்கள் மொழி பேசும் சகா கூட்டத்துக்குத் தாமதமாக வந்தால் "பாவம், டிராஃபிக்கில் மாட்டியிருப்பார்" என்று மனது தானாகச் சொல்லும். வேறு நாட்டவர் தாமதமாக வந்தால்? "இவங்க எல்லாருமே இப்படித்தான்." தாமதம் ஒன்றுதான், ஆனால் ஒருவருக்குச் சூழ்நிலை காரணமாகிறது, இன்னொருவருக்கு அவருடைய மொத்த இனமே காரணமாகிவிடுகிறது. சமூக உளவியலாளர் தாமஸ் பெட்டிக்ரூ 1979-லேயே இதை விரிவாக எழுதினார். இதற்கு இன்னொரு முகமும் உண்டு: வெளி ஆள் பிரமாதமாக ஏதாவது செய்துவிட்டால் "அவர் விதிவிலக்கு" என்றோ "அதிர்ஷ்டம்" என்றோ ஒதுக்கிவிடுவோம், நம் பழைய கருத்து அப்படியே பத்திரமாக இருக்கும்.

இதைப் பிடிக்க ஒரு பழைய பயிற்சி இருக்கிறது, கலாசாரத் தொடர்புப் பாடம் நடத்துபவர்கள் இன்றும் சொல்லித்தருவது. நடந்ததை மூன்றாகப் பிரித்து எழுத வேண்டும்: கண்ணும் காதும் பார்த்தது கேட்டது என்ன, அதற்கு நான் கொடுத்த அர்த்தம் என்ன, அதன் மேல் என் தீர்ப்பு என்ன. "அவர் என்னை மதிக்கவில்லை" என்று எழுத ஆரம்பித்தால் அது மூன்றாவது. "நான் கேள்வி கேட்டேன், அவர் சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை, கீழே பார்த்தார்" என்பது முதலாவது. எழுதிப் பார்த்தால்தான் தெரியும், முதலாவதில் ஒரு வரிகூட இல்லாமலேயே எத்தனை தடவை தீர்ப்புக்குப் போய்விடுகிறோம் என்று. அப்புறம் அதே செயலுக்கு வேறு இரண்டு அர்த்தங்களையாவது யோசியுங்கள். யோசித்தும் வரவில்லை என்றால் அவரிடமே கேளுங்கள்.

அந்த மௌனத்தையே எடுத்துக்கொள்வோம். ஆம், இல்லை என்று பதில் சொல்ல வேண்டிய கேள்விகளுக்குப் பதில் எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று 10 மொழிகளில் அளந்து 2009-ல் ஓர் ஆய்வு வெளியானது. எந்த மொழியாக இருந்தாலும் இடைவெளியைக் குறைக்கவே எல்லோரும் பார்க்கிறார்கள். ஆனாலும் சராசரி ஜப்பானிய மொழியில் 7 மில்லிவினாடி, டேனிஷ் மொழியில் 469 மில்லிவினாடி. அரை நொடிகூட இல்லாத வித்தியாசம். அந்தச் சின்ன இடைவெளிக்குள்தான் "தயங்குகிறார்", "மறைக்கிறார்", "என்னைப் பேசவே விடமாட்டேன் என்கிறார்" என்று நாம் ஒருவருடைய குணத்தையே எழுதி முடித்துவிடுகிறோம்.

மெயிலையும் கூட்டக் குறிப்புகளையும்கூடப் புரட்டிப் பாருங்கள். யாருடைய யோசனையை யார் பெயரில் எழுதினீர்கள், யார் பேசும்போது குறுக்கிட்டீர்கள், பெயரைச் சரியாக உச்சரிக்க யாருக்காக மெனக்கெட்டீர்கள். மனசாட்சி சொல்லாததை இவை சொல்லும்.

கேள்வி: நான் யாரிடமும் வித்தியாசம் பார்ப்பதே இல்லை. எல்லோரும் மனிதர்கள்தான், ஒரே மாதிரிதான் நடத்துகிறேன். இதைவிட நல்ல வழி இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. உங்கள் நல்ல மனதைக் குறை சொல்லவில்லை, ஆனால் "ஒரே மாதிரி" என்றால் யார் மாதிரி? பெரும்பாலும் நம் மாதிரிதான். நமக்கு மரியாதையாகத் தெரிவதை எல்லோருக்கும் மரியாதை என்றும் நமக்கு வெளிப்படையாகத் தெரிவதை எல்லோருக்கும் நேர்மை என்றும் எடுத்துக்கொள்கிறோம். கலாசாரத் தொடர்பு ஆய்வாளர் மில்டன் பென்னட் 1986-ல், மனிதர்கள் கலாசார வித்தியாசத்தை எதிர்கொள்ளும் விதத்தை ஆறு கட்டங்களாகப் பிரித்தார். வித்தியாசமே இல்லை என்று மறுப்பது முதல் கட்டம், நம்முடையதே உயர்ந்தது என்று அரண் கட்டிக்கொள்வது இரண்டாவது. மூன்றாவது, "அடிப்படையில் எல்லோரும் ஒன்றுதான்" என்று வித்தியாசத்தைச் சிறிதாக்குவது. அதையும் அவர், தன் கலாசாரத்தையே மையமாக வைத்துப் பார்க்கும் முதல் மூன்று கட்டங்களில்தான் சேர்த்திருக்கிறார். ஏற்றுக்கொள்வதும் அதற்கேற்ப நடையை மாற்றிக்கொள்வதும் அதற்குப் பிறகுதான் வருகின்றன.

உங்கள் கூட்டத்தில் எல்லோருக்கும் பேச ஒரே வாய்ப்பு, கையைத் தூக்கினால் போதும் என்று வைத்துக்கொள்வோம். பார்வைக்கு நியாயம்தான். மேலதிகாரி முன்னால் மாற்றுக் கருத்தைச் சொல்வது அநாகரிகம் என்று வளர்ந்தவர் அந்தக் கையைத் தூக்கவே மாட்டார், நீங்களும் அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று முடிவு செய்துவிடுவீர்கள். கூட்டத்துக்கு முன்பே எழுத்தில் கருத்துக் கேட்டால் அவருடைய குரலும் கிடைக்கும்.

கேள்வி: எந்தெந்த நாட்டுக்காரர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று மதிப்பெண் போட்ட அட்டவணைகள் இருக்கின்றனவே, அவற்றை மனப்பாடம் செய்யலாமா?

பதில்: வேண்டாம். அவற்றில் மிகப் பிரபலமானது சமூக உளவியலாளர் கீர்ட் ஹோஃப்ஸ்டெட் 1967 முதல் 1973 வரை ஐபிஎம் நிறுவன ஊழியர்களிடம் எடுத்த கணக்கெடுப்புகளிலிருந்து வளர்ந்தது. அவை நாடுகளின் சராசரிகள், உங்கள் எதிரில் உட்கார்ந்திருப்பவரின் ஜாதகம் இல்லை. தனி மனிதரை அவற்றால் அளக்கக் கூடாது என்று ஹோஃப்ஸ்டெட்டே எச்சரித்திருக்கிறார். என்ன கேள்வி கேட்கலாம் என்று யோசிக்க உதவும், பதிலாக எடுத்துக்கொள்ள உதவாது.

கேள்வி: என் பக்கம் வேறு மாதிரி. எங்கள் துறையில் என் பின்னணியிலிருந்து வந்தவள் நான் ஒருத்திதான். என் மதம், உடை, குடும்பம் பற்றி எல்லாரும் என்னிடமே கேட்கிறார்கள். கற்றுக்கொள்ளத்தான் கேட்கிறார்கள் என்று புரிகிறது, ஆனால் களைத்துவிட்டேன். பதில் சொல்லாவிட்டால் தப்பா?

பதில்: தப்பே இல்லை. அவர்களுக்குப் பாடம் எடுப்பது உங்கள் வேலையில் சேர்த்தி இல்லை. பழகினால் பாரபட்சம் குறையும் என்பது உண்மைதான். 515 ஆய்வுகளைத் தொகுத்து 2006-ல் பெட்டிக்ரூவும் லிண்டா ட்ராப்பும் அதைக் காட்டினார்கள். ஆனால் உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-ல் இந்தக் கருத்தை முன்வைத்தபோதே நிபந்தனைகள் சொல்லியிருந்தார்: இரு தரப்புக்கும் சம அந்தஸ்து, பொதுவான இலக்கு, போட்டி இல்லாத கூட்டுழைப்பு, நிர்வாகத்தின் ஆதரவு. ஒருத்தி நடுவில் உட்கார்ந்து எல்லாருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டே இருப்பதில் சம அந்தஸ்து எங்கே இருக்கிறது?

உங்களுக்குப் பிடித்தவர்களிடம், மனம் இருக்கும்போது மட்டும் பேசுங்கள். மற்றவர்களிடம் "இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள், படித்துவிட்டு வாருங்கள்" என்று சொன்னால் போதும், சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. துறைத் தலைவரிடம் தனியாகப் பேசிப் பாருங்கள். பன்முகத்தன்மைக் குழு, வரவேற்பு நிகழ்ச்சி என்று எதற்கெடுத்தாலும் உங்களையே அனுப்பினால், அந்த நேரம் பணிப் பதிவில் ஏற வேண்டும், அடுத்த முறை வேறு ஒருவர் போக வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள்.