எச்ஓ மாடலில் நம் டர்பன் ரயிலுக்குத் தண்டவாளம் ஏன் அகலமாகத் தெரிகிறது?

உங்கள் கண் சரிதான். எச்ஓ என்றால் நிஜ ரயிலை 87-ல் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்யும் மாடல் அளவு. அதன் 16.5 மி.மீ. தண்டவாளம், 1435 மி.மீ. அகலமுள்ள நிஜப் பாதைக்கான அளவு. தென்னாப்பிரிக்காவில் பெரும்பாலான பாதைகள் 1067 மி.மீ. 87-ஆல் வகுத்தால் 12 சொச்சம்தான் வரும்.

வேடிக்கை என்னவென்றால், 1860 ஜூனில் டர்பனில் திறந்த முதல் பாதை 1435 தான்! தென்னாப்பிரிக்கத் தமிழர்களாகிய நம் முன்னோரை மதராசிலிருந்து ஏற்றிவந்த ட்ரூரோ கப்பல் அதே ஆண்டு நவம்பரில் வந்து சேர்ந்தது. டர்பன் இருக்கும் நேட்டால் பகுதியில் பாதையைக் குறுக்கியது பிற்பாடுதான்.

சரி, என்ன செய்யலாம்? 12 மி.மீ. தண்டவாளம் வாங்கலாம். நானாக இருந்தால் இருக்கும் தண்டவாளத்தை விட்டுவிட்டு வண்டியை 64-ல் ஒரு பங்காகச் செய்வேன். 1067-ஐ 64-ஆல் வகுத்துப் பாருங்கள், 16.7. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. என்ன, பெட்டிகளை நீங்களே உட்கார்ந்து செய்ய வேண்டியிருக்கும்.