கூண்டை அடைக்காதீர்கள்: கோழி வளர்ப்பு கேள்வி பதில்

நான் தச்சு வேலை தெரிந்தவன். நாற்பது டிகிரி வெயிலையும் முழங்கால் அளவு வெண்பனியையும் ஒரே ஆண்டில் பார்க்கிற இடத்தில் இருபது ஆண்டுகளாகக் கோழி வளர்க்கிறேன். கூண்டைப் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். நான் கால்நடை மருத்துவன் அல்ல என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். எப்படியும் யாராவது மருந்து கேட்பீர்கள்.

கேள்வி: மதியம் ஆனால் எங்கள் பெட்டைகள் அலகைத் திறந்தபடி, இறக்கையை விரித்துக்கொண்டு நிற்கின்றன. நோயா?

வெயிலில் மட்டும் அப்படி நின்று, மாலையில் சரியாகிவிட்டால் நோயில்லை, சூடுதான். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடல் வெப்பமோ சாதாரண நாளிலேயே 41 டிகிரிக்கு மேல். கொண்டை, தாடைச் சதை, கால்கள், இறக்கைக்கு அடியில் இறகு குறைந்த இடம் ஆகியவற்றின் வழியாகத்தான் அது சூட்டை வெளியே விடுகிறது. அதுவும் போதாதபோது வாயைத் திறந்து இரைக்கிறது. அதிகமாக இரைத்தால் இரத்தத்தில் கரியமில வாயு குறையும். முட்டை ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து கிடைப்பதும் அதனால் தடைப்படும். கோடையில் தோல் போன்ற ஓட்டுடன் முட்டை வந்தால் தீவனத்தைத் திட்டுவதற்கு முன் நிழலைப் பாருங்கள்.

முதலில் தண்ணீரைக் கவனியுங்கள். மிதமான நாளில் ஒரு பெட்டை கால் லிட்டர் அளவுக்குக் குடிக்கும். கடும் வெயிலில் அது இரண்டு மடங்கையும் தாண்டும். ஆனால் சுடுதண்ணீரை அது தொடாது. பாத்திரம் நிழலில் இருக்க வேண்டும், மதியம் ஒருமுறை மாற்ற வேண்டும். தீவனத்தை விடியற்காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் வையுங்கள். செரிமானமே உடலைச் சூடாக்கும் வேலை என்பதால் உச்சி வேளையில் வயிறு நிறைய வேண்டாம். நிழலில் தளர்ந்த மண் இருந்தால் கோழி தானே குழி பறித்து, ஈர மண்ணில் வயிற்றை அழுத்திப் படுத்துக்கொள்ளும். அந்தக் குழியை மூடி அழகுபடுத்தாதீர்கள்.

பனித்தூவல் போல நீரைத் தெளிக்கும் கருவி உலர்ந்த காற்றில் நன்றாக வேலை செய்யும். காற்றே ஈரமாக இருக்கும் இடத்தில் அது நிலைமையைக் கெடுக்கும், அங்கே மின்விசிறிதான் சரி. ஒரு கோழி துவண்டு சாய்ந்துவிட்டால் நிழலுக்குக் கொண்டுவந்து கால்களைக் குளிர்ந்த நீரில் நிறுத்துங்கள். பனிக்கட்டி நீரில் முக்கக் கூடாது.

கேள்வி: குளிர்காலத்தில் கூண்டுக்குள் சூடேற்றும் விளக்கு போடலாமா?

வேண்டாம். வளர்ந்த கோழிக்குத் தேவையில்லை. இறகைச் சிலிர்த்துத் தனக்குள்ளேயே சூடான காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உயிர் அது. கூண்டுக்குள் இருப்பதோ மரச்சீவல், வைக்கோல், இறகுத் தூசி, சிலந்தி வலை. அதன் நடுவில் 250 வாட் விளக்கை ஒரு கொக்கியில் தொங்கவிடுகிறோம். கோழி பறந்து மோத அது விழுந்தால் போதும், கூண்டு எரியும். சில நேரம் ஒட்டினாற்போல் இருக்கும் வீடும் எரியும். தீப்பிடிக்காவிட்டாலும், விளக்குச் சூட்டுக்குப் பழகிய கோழியை ஒரு மின்தடை இரவு வாட்டிவிடும். உடையாமல் இருக்க பி.டி.எஃப்.இ. (ஒட்டாத வாணலியில் பூசும் டெஃப்லான்தான்) பூச்சுப் பூசிய விளக்குகள் இன்னும் மோசம். சூடானதும் அந்தப் பூச்சு விடும் புகை பறவைகளைக் கொல்லும். குஞ்சுகள் விஷயம் வேறு. முதல் வாரம் அவற்றுக்கு 32 முதல் 35 டிகிரி வேண்டும், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி அளவில் குறைத்துக்கொண்டே வரலாம்.

கேள்வி: குளிர்காலத்தில் காற்று வரும் இடுக்குகளை எல்லாம் அடைத்துவிட்டேன். வேறு என்ன செய்யலாம்?

அடைத்ததைப் பிரிக்கலாம்.

கோபிக்க வேண்டாம், முதல் குளிர்காலத்தில் நானும் இதைத்தான் செய்தேன். இடுக்குகளில் துணி திணித்து, மேலே நாடா ஒட்டி, பெட்டி போல ஆக்கினேன். ஒரு காலையில் கதவைத் திறந்து கைவிளக்கை மேலே காட்டினால், கூரைத் தகட்டிலிருந்து உள்பக்கம் நீட்டிக்கொண்டிருந்த ஆணி முனை ஒவ்வொன்றிலும் கடுகளவு உறைபனி உருண்டு நின்றது. வரிசை வரிசையாக, முத்துக் கோத்தாற்போல. அழகாக இருக்கிறதே என்றுதான் நினைத்தேன். நான்கு நாளில் சேவலின் கொண்டை முனைகள் வெளுத்தன, பிறகு கறுத்தன, பிறகு உதிர்ந்தன.

அந்த ஈரம் எங்கிருந்து வந்தது? கணக்குப் போடுங்கள். பெட்டை கால் லிட்டர் தண்ணீர் குடிக்கிறது. ஒரு முட்டையில் போகும் நீர் ஏறத்தாழ 45 மில்லி. வளர்ச்சி முடிந்த உடம்பு மிச்சத்தைச் சேர்த்துவைக்காது. எல்லாம் எச்சமாகவும் மூச்சாகவும் வெளியே வருகிறது. ஆறு கோழி இருந்தால் நாளொன்றுக்கு ஒரு லிட்டருக்கு மேல். வெளியேற வழி இல்லாவிட்டால் அது கூரையில் உறையும், கொண்டையிலும் உறையும். உலர்ந்த குளிரைக் கோழி தாங்கும், ஈரமான குளிரைத் தாங்காது. எச்சத்திலிருந்து எழும் அமோனியா கண்ணையும் மூச்சுக்குழலையும் அரிப்பது தனிக்கதை. குனிந்து உள்ளே போகும்போது உங்கள் மூக்கு எரிந்தால், இரவு முழுக்க அங்கே இருக்கும் கோழிக்கு எப்படி இருக்கும்?

காற்று வழி, கோழி உட்காரும் சட்டத்துக்கு மேலே, கூரையின் இறவாரத்தை ஒட்டி இருக்க வேண்டும். தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்காவது திறப்பு என்பது என் அளவு. இரண்டு எதிரெதிர்ச் சுவர்களிலும் வையுங்கள். கீழே ஒரு வரிசை சன்னல் வைத்து, கோடையில் திறந்து, குளிரில் மூடலாம். மேலே உள்ளதை எந்தக் காலத்திலும் மூடாதீர்கள். கோழி மேல் நேராகக் காற்று வீசுகிறதா என்று தெரிய, இரவில் அது உட்காரும் உயரத்தில் ஒரு கம்பளி நூலைத் தொங்கவிடுங்கள். மேலே திறப்பு இருந்தும் நூல் அசையாமல் இருந்தால் கூண்டு சரியாக இருக்கிறது.

கேள்வி: சிறிய விளக்காக இருந்தால் பரவாயில்லையா? 100 வாட் மட்டும்?

இல்லை. காரணம் மேலே இருக்கிறது.

கேள்வி: உட்காருவதற்கு உருண்டையான கொம்பு நல்லதா, பட்டைச் சட்டமா?

யாரும் கேட்க மாட்டார்களோ என்று நினைத்தேன். பட்டைச் சட்டம்தான், அகலப் பக்கம் மேலே இருக்கும்படி. ஒன்பது சென்டிமீட்டர் அகலம் போதும். கோழி பாதத்தைத் தட்டையாக வைத்து அதன்மேல் வயிற்று இறகைப் போர்த்தி உட்காரும். விரல்கள் உறையாமல் இருப்பதற்கு அதுவே உறை. மெல்லிய கொம்பில் விரல் நுனிகள் அடியில் சுற்றிக்கொண்டு வெளியே நிற்கும். உலோகக் குழாய் வேண்டவே வேண்டாம். விளிம்புகளை இழைப்புளியால் லேசாக உருட்டிவிடுங்கள். ஒரு கோழிக்கு 25 சென்டிமீட்டர் நீளம் கொடுங்கள். குளிரில் நெருங்கி உட்காரும், கோடையில் தள்ளி உட்காரும், இரண்டுக்கும் இடம் வேண்டும். சட்டம் முட்டைப் பெட்டியைவிட உயரமாக இருக்கட்டும். இல்லையென்றால் பெட்டியிலேயே தூங்கி, பெட்டியிலேயே எச்சமிடும்.

கேள்வி: ஒரு பெட்டை தும்முகிறது. எந்த மருந்து, எத்தனை சொட்டு?

கால்நடை மருத்துவரிடம் போங்கள். போகும் முன் கூண்டில் அமோனியா வாடை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: காற்று வழி பற்றி நீங்கள் சொல்வது தவறு. பத்தாண்டுகளாக முழுக்க அடைத்த கொட்டகையில் வளர்க்கிறேன். ஒரு கொண்டைகூடக் கறுத்ததில்லை.

எத்தனை கோழி, எவ்வளவு பெரிய கொட்டகை?

அதே நண்பர்: மூன்று கோழி. பழைய மரக்கொட்டகை, பன்னிரண்டுக்குப் பத்து அடி.

120 சதுர அடியில் மூன்று கோழி! ஒரு கோழிக்கு நான்கு சதுர அடி என்று கட்டுபவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உங்கள் கோழி ஒன்றுக்கு நாற்பது. அந்த மூச்சு ஈரத்தை அவ்வளவு காற்றும் உலர்ந்த பழைய மரமும் உறிஞ்சிக்கொள்கின்றன. பழைய கொட்டகையின் பலகை இடுக்குகள் நீங்கள் நினைக்கிற அளவுக்கு அடைபட்டும் இருக்காது. அதே மூன்று கோழியை ஒரு பெட்டிக் கூண்டில் அடைத்து ஒரு வாரம் பாருங்கள்.

வேறொருவர்: நண்பர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே? உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விட்டுவிட்டால் வெப்பக்காப்பு வைத்து என்ன பயன்?

நல்ல கேள்வி, என்னைக் கொஞ்சம் இறங்கிவர வைக்கிறது. வெப்பக்காப்புக்கு நான் எதிரியல்ல. கூரைக்கு அடியில் வைத்தால் இரண்டு காலத்துக்கும் உதவும். குளிரில் தகட்டின் உள்பக்கம் நீர் கோத்துச் சொட்டுவது குறையும். கோடையில் தகட்டுச் சூடு தலைமேல் இறங்காது. வெயில் மறைந்த பிறகும் சூடேறிய கூரைக்குக் கீழே அடைபட்டுக் கிடக்கும் இரவு, பகலைவிடக் கொடுமை. வெள்ளை வண்ணம் பூசினாலும், ஒரு சாண் இடைவெளி விட்டு மேலே இரண்டாவது கூரை போட்டாலும் பலன் உண்டு. ஆனால் நுரைப் பலகையை வெறுமனே விட்டால் கோழி கொத்தித் தின்னும். மேலே ஒட்டுப்பலகை அடியுங்கள்.

ஆக, காப்பு வேண்டுமானால் வையுங்கள். காற்று வழியை மட்டும் அடைக்காதீர்கள். கூண்டின் உள்ளே வெளியைவிட இரண்டு மூன்று டிகிரிதான் கூடுதலாக இருக்கிறது என்று வருந்தாதீர்கள், அது போதும்.

முதல் நண்பர்: அப்படியென்றால் உறையாமல் இருக்கக் கொண்டையில் வாசலின் களிம்பு தடவுவதும் வீண் என்பீர்களா?

முழுக்க வீண் என்று சொல்லவில்லை. கூண்டு ஈரமாக இருந்தால் அதை நம்பாதீர்கள், கூண்டு உலர்ந்திருந்தால் அதன் அவசியம் குறைவு. பெரிய ஒற்றைக் கொண்டைச் சேவலோடு போராடுவதைவிட, கொண்டை சிறுத்த இனத்தைத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம். கனடாவின் ஷாண்டெக்ளேர் இனத்தைக் கடுங்குளிருக்காகவே உருவாக்கினார்கள். கொண்டையும் தாடைச் சதையும் ஒட்டினாற்போல் இருக்கும். கடும் வெயிலுக்குக் கழுத்தில் இறகில்லாத இனங்கள் நன்றாகத் தாக்குப்பிடிக்கும். இரண்டும் வேண்டுமென்றால் நடுத்தர உடல்வாகுள்ள இனத்தை எடுங்கள். கறிக்கென்று பெருக்கவைத்த கனமான கோழிதான் கோடையில் முதலில் சாயும்.

கேள்வி: வெண்பனி மேல் என் கோழிகள் கால் வைக்க மறுக்கின்றன.

என் கோழிகளும்தான். ஒரு பாதையைச் செதுக்கி வைக்கோல் தூவுங்கள். வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: தண்ணீர் உறைந்துவிடுகிறது.

கறுப்பு ரப்பர் தொட்டி வாங்குங்கள். கவிழ்த்து மிதித்தால் பனிக்கட்டி கழன்று விழும், தொட்டி உடையாது. ஒரு நாளில் மூன்று முறை மாற்றச் சோம்பலாக இருந்தால், இதற்கென்றே செய்த சூடேறும் அடித்தட்டு இருக்கிறது. தண்ணீரைக் கூண்டுக்கு வெளியே, கூரையுள்ள இடத்தில் வையுங்கள். உள்ளே சிந்தும் ஒவ்வொரு குவளையும் ஈரம்.

கேள்வி: குளிர்காலத்தில் முட்டை நின்றுவிட்டது. குளிர்தானே காரணம்? விளக்கு போட்டால்...

வெளிச்சம்தான் காரணம். பெட்டை நன்றாக முட்டையிட 14 மணி நேரத்துக்கு மேல் பகல் வேண்டும். இறகு உதிர்த்துப் புதுப்பிக்கும் காலமும் சேர்ந்துகொள்கிறது. நேரம் குறித்து எரியும் சிறிய எல்.இ.டி. விளக்கை விடியலுக்கு முன் போடலாம். வெளிச்சத்துக்கான விளக்கைச் சொல்கிறேன். சூட்டு விளக்கு என்று யாராவது படித்துவிடப் போகிறீர்கள்.

நான் அவற்றை ஓய்வெடுக்க விட்டுவிடுகிறேன்.

கேள்வி: ஆழ்கூளம் போட்டால் அதுவே சூடு தருமாமே?

கொஞ்சம் தரும். மரச்சீவலை 15 சென்டிமீட்டர் போட்டுத் தொடங்கி, மேலே மேலே சேர்த்து, வாரம் இருமுறை கிளறிவிடுங்கள். ஒரு பிடி அள்ளி இறுக்குங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் சரி, உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம். சட்டத்துக்கு அடியில் ஒரு பலகை வைத்து இரவு எச்சத்தைக் காலையில் வழித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. வசந்தத்தில் எல்லாம் தோட்டத்துக்கு உரம்.

கேள்வி: இரவில் கோழிகள் கூண்டுக்குள் போக மறுக்கின்றன. கோடையில் மட்டும்.

உள்ளே புழுக்கமா என்று பாருங்கள். இல்லையென்றால், இருட்டிய பின் ஒரு வெள்ளைத் துணியைச் சட்டத்தின் அடிப்பக்கம் தேயுங்கள். சிவப்புக் கறை படிந்தால் சிவப்புச் சிற்றுண்ணி. பகலில் மரத்தின் விரிசலில் ஒளிந்திருந்து இரவில் இரத்தம் குடிக்கும் பூச்சி, கோடையில் மளமளவென்று பெருகும். தீனியில்லாமலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும் என்பதால் கூண்டைச் சில வாரம் காலியாக விடுவதால் சாகாது. சட்டங்களை ஆணியடிக்காமல், கழற்றுகிற மாதிரி பள்ளத்தில் பொருத்துங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

கேள்வி: புதிதாகக் கூண்டு கட்டுகிறேன். சூட்டு விளக்குக்கு எந்தச் சுவரில் மின்இணைப்பு எடுக்கலாம்?

எந்தச் சுவரிலும் வேண்டாம்.

முதல் நண்பர்: இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் இன்று காலை பேரனின் சின்னக் கூண்டில் ஆணி முனைகளைப் பார்த்தேன். மேலே அறுக்கலாம்தான், மரநாய் நுழைந்துவிடாதா?

நுழையும், கோழி வலை அடித்தால். அறுகோணக் கண் வலை கோழியை உள்ளே வைக்கத்தான் உதவும், வெளியே இருப்பதைத் தடுக்காது. கண் 12 மில்லிமீட்டருக்கு மேல் போகாத, பற்றவைத்த கம்பி வலையை வாங்குங்கள். திறப்பைவிடச் சுற்றிலும் ஐந்து சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டி, திருகாணியும் அகல வளையமும் போட்டு இறுக்குங்கள். வெறும் கம்பிப் பின் (ஸ்டேப்பிள்) அடித்தால் மரநாய் பிடுங்கிவிடும். இறவாரம் ஒரு சாணாவது வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வெண்பனி உள்ளே அடிக்காது. அறுக்கும் முன் பேரனிடம் சொல்லிவிட்டு, கோழிகளை வெளியே விடுங்கள்.