பாதுகாப்பு உத்தரவை மீறும் கணவர்: எங்கே, எப்படிப் புகார் அளிப்பது?

கேள்வி: பாலக்கோடு அருகே தாய்வீட்டில் வசிக்கிறேன். கணவர் என்னை எவ்வகையிலும் தொடர்புகொள்ளக் கூடாது என்று தர்மபுரி குற்றவியல் நடுவர் பாதுகாப்பு உத்தரவு பிறப்பித்துள்ளார். ஓசூரில் ஒரு நிறுவனத்தில் வேலை செய்யும் அவர், வாட்ஸ்அப்பில் தொடர்ந்து மிரட்டுகிறார், ஜீவனாம்சமும் தருவதில்லை. காவல் நிலையத்திலோ, "கோர்ட்டில் போய்ச் சொல்லுங்கள்" என்கிறார்கள். மீண்டும் வழக்குப் போட வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. நடுவரின் உத்தரவை மீறுவதே, குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005-இன் 31-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறையோ, 20,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கத்தக்க தனிக் குற்றமாகும். 32-ஆம் பிரிவு இதனைப் பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க, பிணையில் விடத்தகாத குற்றமாக வகைப்படுத்துவதால், புகாரை வாங்காமல் திருப்பி அனுப்பக் காவல் நிலையத்துக்கு இடமில்லை. சி.எஸ்.ஆர். ரசீதோடு (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகைச் சீட்டு) திரும்பிவிடாமல், முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேளுங்கள்; அதை இலவசமாகத் தர வேண்டும். அப்போதும் மறுத்தால், மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் புகாரின் சாரத்தை எழுத்து மூலம் அஞ்சலில் அனுப்பலாம்.

நீதிமன்றத்துக்குத் தெரிவிக்கும் முறையை இச்சட்டத்துக்கான 2006-ஆம் ஆண்டு விதிகளின் 15-ஆம் விதி கூறுகிறது. நீங்கள் எழுதிக் கையொப்பமிட்ட புகாரை, இச்சட்டத்தின்கீழ் அரசு நியமித்துள்ள பாதுகாப்பு அலுவலரிடம் கொடுத்தால், அவர் அதன் நகலைப் பாதுகாப்பு உத்தரவின் நகலுடன் சேர்த்து நடுவருக்கு அனுப்பியாக வேண்டும். நீங்களே நேரடியாக நடுவரிடம் முறையிடவும் அதே விதி இடம் தருகிறது. காவல் நிலையம் தயங்குகிற உங்கள் நிலையில், மாவட்ட சமூக நல அலுவலகத்தின் வழியாகப் பாதுகாப்பு அலுவலரிடமும் அன்றே புகார் கொடுத்துவிடுவது நல்லது என்பேன். விஷயம் நடுவரின் கோப்புக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

'தொல்லை தருகிறார்' என்று பொதுப்பட எழுதாதீர்கள். எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்த எண்ணிலிருந்து, என்ன சொற்களில் மிரட்டினார், அது உத்தரவின் எந்த வாசகத்தை மீறுகிறது என்பதைக் குறிப்பிடுங்கள். செய்திகளை அழிக்காதீர்கள், பதிலுக்குத் திட்டியும் அனுப்பாதீர்கள், அதையே அவர் தரப்பு நீதிமன்றத்தில் காட்டும். வேறு சாட்சி இல்லையே என்று தயங்கவும் வேண்டாம்: பாதிக்கப்பட்டவரின் சாட்சியத்தை மட்டுமே கொண்டும் குற்றம் நடந்ததாக நீதிமன்றம் முடிவு செய்யலாம். உத்தரவின் நகல் கையில் இல்லையென்றால், அதை இலவசமாகப் பெற 24-ஆம் பிரிவு வழி செய்கிறது.

அவர் ஓசூரில் இருப்பதோ, நாளை அத்திப்பள்ளி தாண்டிப் பெங்களூருக்கே மாறிப்போவதோ உத்தரவைப் பாதிக்காது. 27-ஆம் பிரிவின்படி அது இந்தியா முழுவதும் செல்லும்.

ஜீவனாம்ச பாக்கியை மட்டும் இதோடு கலக்க வேண்டாம். 31-ஆம் பிரிவு பாதுகாப்பு உத்தரவையும் இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவையும் பற்றியே பேசுகிறது. பாக்கித் தொகைக்காக அதே நடுவரிடம் 20-ஆம் பிரிவின்கீழ் மனு செய்து, அவருடைய நிறுவனமே சம்பளத்திலிருந்து பிடித்து உங்களுக்கு நேரடியாகச் செலுத்தும்படியோ நீதிமன்றத்தில் கட்டும்படியோ உத்தரவு கேட்கலாம். இந்த மனுவுக்கு வழக்கறிஞர் வேண்டுமென்றால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழுவை அணுகுங்கள், அல்லது 15100 என்ற எண்ணில் அழையுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு.