ரஃப் நோட்டின் கடைசிப் பக்கம்

கேள்வி: எனக்கு வயது 39. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன். மூன்று வருஷமாக ஐப்பசி பிறந்தால் போதும், ராத்திரி ஒன்றரை மணிக்கு மேல் வலது கண்ணுக்குப் பின்னால் காய்ச்சிய கம்பியைச் செருகியது போல வலி வருகிறது. கண் சிவந்து தண்ணீர் கொட்டும், அந்தப் பக்க மூக்கு அடைத்துக்கொள்ளும். ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும். மறுநாள் அதே நேரத்துக்குத் திரும்ப வரும். மூன்று மாதம் படுத்திவிட்டு, தை பிறந்தால் காணாமல் போகும். சைனஸ் என்றார்கள். போன வருஷம் மூக்குத் தண்டு ஆபரேஷன் செய்தேன். குணமாகிவிட்டது என்றிருந்தேன், இந்த ஐப்பசியில் மறுபடி வந்துவிட்டது. அப்பா மாரடைப்பில் போனதிலிருந்து அம்மா எதற்கெடுத்தாலும் பயப்படுகிறார். அதனால் வலி வந்ததும் மொட்டை மாடிக்குப் போய், கதவை அந்தப் பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, சிகரெட்டைப் பிடித்துக்கொண்டு, விடும்வரை நடப்பேன். மனைவியும் சைனஸ் என்றுதான் நினைத்திருக்கிறாள். வீட்டில் யாருக்கும் முழுசாகத் தெரியாது. சனிக்கிழமை மட்டும் வார அசதிக்கு இரண்டு பெக் போடுவேன். ஏழாவது படிக்கும் என் மகள் கணக்கு ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் '1.40–2.25, 1.35–2.30, சனி 10.10–11.00, 1.50–2.40' என்று என்னவோ நேரக் கணக்கு கிறுக்கி வைத்திருந்தாள். படிப்பில் கவனம் இல்லை என்று திட்டினேன். வீட்டாருக்குத் தெரியாமல் இதைச் சமாளிக்க ஒரு நல்ல மாத்திரை சொல்லுங்கள்.

– பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்:

தம்பி, மாத்திரைக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த நோட்டு.

"என்னவோ நேரக் கணக்கு" என்று எழுதியிருக்கிறீர்கள். அது என்ன கணக்கு என்று உங்களுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்ததால்தான் திட்டினீர்கள். படிப்பில் கவனம் இல்லாத பிள்ளை கடைசிப் பக்கத்தில் பூ வரையும், சிநேகிதி பேர் எழுதும், புள்ளி வைத்துக் கட்டம் போட்டு விளையாடும். ஆரம்பித்த நேரம், முடிந்த நேரம் என்று ஐந்து நிமிஷம் பிசகாமல் எழுதி வைக்காது. தலைக்கு மேல் தளத்தில் உங்கள் காலடி கேட்கிறது. எழுந்து உட்கார்ந்து கடிகாரம் பார்க்கிறாள். காலடி நிற்கிறவரை விழித்திருந்து, நின்றதும் எழுதிக்கொள்கிறாள். காலையில் பள்ளிக்கூடம் போகிறாள். நீங்கள் தாழ்ப்பாள் போட்ட கதவுக்கு இந்தப் பக்கம், பன்னிரண்டு வயசில் உங்களுக்கு ராக்காவல் இருந்திருக்கிறாள் அந்தப் பெண். கூலியாகக் கிடைத்தது திட்டு.

வீட்டில் யாருக்கும் தெரியாதாம்!

இருபது வருஷத்துக்கு மேல் இந்தப் பக்கத்துக்கு வரும் கடிதங்களைப் படிக்கிறேன். "வீட்டில் தெரியாது" என்று எழுதுகிற ஆண்களில் பாதிப் பேர் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரியும் என்று காட்டிக்கொள்ள விடாமல் நீங்கள் முகத்தை வைத்திருப்பதால் அவர்களும் தெரியாத மாதிரி இருக்கிறார்கள், அவ்வளவுதான். இதைத் தியாகம் என்று நினைக்காதீர்கள். என் கணக்கில் இது வீறாப்பு.

நான் டாக்டர் இல்லை. பதில் எழுதுமுன் உங்கள் ஊரைச் சொல்லாமல் கடிதத்தை எனக்குத் தெரிந்த ஒரு நரம்பியல் மருத்துவரிடம் படித்துக் காட்டினேன். கண் சிவப்பு, மூக்கடைப்பு எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தவர், அந்த நேரங்களைப் படித்ததும், "இதை யார் எழுதியது?" என்றார். "பெண்ணுக்கு எத்தனை வயசு?" என்று அடுத்துக் கேட்டார். முதல் தடவை வருகிறவர்களிடம் இரண்டு வாரம் இப்படிக் குறித்துக்கொண்டு வாருங்கள் என்று கெஞ்ச வேண்டியிருக்கிறதாம், ஒருவரும் எழுதுவதில்லையாம்.

அவர் சந்தேகப்படுவது கிளஸ்டர் தலைவலி. தமிழில் கொத்துத் தலைவலி என்கிறார்கள். கொத்துக் கொத்தாக, சில வாரம் தினமும் வந்து, பிறகு மாதக் கணக்கில் மறைந்துவிடுவதால் அந்தப் பெயர். ஒரே பக்கம், கண்ணைச் சுற்றி, 15 நிமிஷத்திலிருந்து 3 மணி நேரம்வரை இருக்கும். தூங்கி ஒன்று, இரண்டு மணி நேரத்தில் எழுப்பிவிடும். ஆயிரம் பேரில் ஒருவருக்கு வரக்கூடியது, ஆண்களுக்கு அதிகம், புகைக்கிறவர்களுக்கு இன்னும் அதிகம். மனுஷனுக்கு வரும் வலிகளில் மோசமானவற்றில் ஒன்று என்று மருத்துவர்களே சொல்கிறார்கள். நாம் ஒற்றைத் தலைவலி என்று சொல்லும் மைக்ரேனும் இதுவும் வேறு வேறு. மைக்ரேன்காரர் இருட்டறையில் அசையாமல் படுத்துவிடுவார். இது வந்தவரால் உட்காரக்கூட முடியாது, நடப்பார், ஆடுவார், தலையைச் சுவரில் முட்டுவார். நீங்கள் படுத்துக் கிடந்திருந்தால் உங்கள் மகளுக்கு எழுத ஒன்றும் இருந்திருக்காது.

நேரம் ஏன் அப்படிப் பிசகாமல் வருகிறது என்றால், மூளையின் அடிப்பகுதியில் ஹைபோதலாமஸ் என்று ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. உடம்பின் கடிகாரம் அங்கேதான். வலி வரும்போது அந்த இடம் சுறுசுறுப்பாவதை 1998லேயே ஸ்கேனில் பார்த்துவிட்டார்கள். சைனஸுக்குக் கடிகாரம் கிடையாது. 1.40க்கு எழுந்து 2.25க்குப் படுத்துக்கொள்ளாது.

ஆபரேஷனைப் பற்றி உங்களை நான் திட்டப் போவதில்லை. என் சின்ன மாமாவுக்கு இதேதான். எழுபதுகளில் வலது பக்கக் கடைவாய்ப் பல் மூன்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்கள். முதல் பல்லுக்கு நிற்கவில்லை, இரண்டாவதுக்கும் இல்லை. மூன்றாவது பிடுங்கிய வாரம் வலி நின்றது. அந்தப் பல் டாக்டருக்கு ஊரெல்லாம் கைராசிப் பட்டம் வாங்கிக் கொடுத்துவிட்டார் மாமா. அடுத்த வருஷம் வந்தபோது பழனிக்கு மொட்டை. மொட்டை போட்ட பத்தாம் நாள் நின்றது. அதற்கடுத்த வருஷம் சுக்குப் பற்று, ஆவி, கோடாலித் தைலம். தானாகப் போகிற வலி போகும் நேரத்தில் யார் பக்கத்தில் நிற்கிறார்களோ, அவர்களுக்குத்தான் பெயர். உங்களுக்கு அந்தப் பெயரை உங்கள் மூக்கு வாங்கிக்கொண்டது. மாமா செத்துப்போகும்வரை அதற்கு என்ன பெயர் என்று தெரியாமலே செத்தார்.

இப்போது சனிக்கிழமைக்கு வாருங்கள். உங்கள் மகள் மற்ற நாளுக்கு ஒரு நேரம் எழுதியிருக்கிறாள். சனிக்கிழமைக்கு இரண்டு. 10.10க்கு ஒன்று, 1.50க்கு ஒன்று. அன்றைக்கு எத்தனை மணிக்குக் குடித்தீர்கள்? ஒன்பது, ஒன்பதரை இருக்குமா? கொத்து நடக்கும் வாரங்களில் மது உள்ளே போனால் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் வலியைக் கிளப்பிவிடும். அசதிக்கு என்று குடித்து, சம்பளமில்லாமல் ஒரு ஷிப்ட் கூடுதலாகப் பார்த்திருக்கிறீர்கள். மூன்று வருஷமாக உங்களுக்குப் பிடிபடாததை அந்தப் பிள்ளை ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு கண்டுபிடித்துவிட்டாள். கொத்து முடியும்வரை ஒரு சொட்டுக் கூடாது, பீரும் மதுதான்.

சரி, மாத்திரை. மெடிக்கலில் கேட்டு வாங்கும் எந்த வலி மாத்திரையும் இதற்கு உதவாது. அது வயிற்றில் கரைந்து ரத்தத்தில் ஏறுவதற்குள் வலி தன் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பியிருக்கும். தினமும் விழுங்கினால் அந்த மாத்திரையே வேறொரு தலைவலியைக் கொண்டுவரும், வயிறும் கெடும். இதற்கு உடனே வேலை செய்வதில் முக்கியமானவை இரண்டு. ஒன்று சுமட்ரிப்டான் ஊசி, தோலுக்கடியில் போடுவது. இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது. உங்கள் அப்பா மாரடைப்பில் போனார், நீங்கள் சிகரெட் பிடிக்கிறீர்கள். இரண்டையும் டாக்டரிடம் வாயைத் திறந்து சொல்லுங்கள், அங்கேயும் ஒளிக்காதீர்கள்.

இன்னொன்று ஆக்சிஜன். கொரோனாவில் நாம் எல்லோரும் பார்த்த அதே சிலிண்டர்தான். லண்டனில் செய்து 2009இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், நிமிஷத்துக்கு 12 லிட்டர் வீதம் சுவாசித்தபோது நூற்றுக்கு 78 தடவை கால் மணி நேரத்தில் வலி நின்றது அல்லது நன்றாகத் தணிந்தது. வெறும் காற்றைக் கொடுத்தபோது 20 தடவைதான். ஆனால் மூக்கில் செருகும் குழாய் போதாது, பை தொங்கும் மாஸ்க் வேண்டும், முகத்தில் இடைவெளி இல்லாமல் பதிய வேண்டும். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர் மெஷினை வீடுகளில் வாங்கி வைத்திருக்கிறார்களே, அந்த 5 லிட்டர் மெஷினுக்கு இந்த வேகம் வராது. 12 லிட்டர் வீதம் 15 நிமிஷம் என்றால் ஒரு தடவைக்கு 180 லிட்டர். சின்ன பி டைப் சிலிண்டரில் ஏறத்தாழ 1,500 லிட்டர்தான் இருக்கும், எட்டு ராத்திரி ஓடும். ஒன்று தீரும்போது இன்னொன்று வீட்டில் இருக்க வேண்டும். டாக்டர் சீட்டோடு, அவர் சொல்லும் அளவில். நுரையீரலில் நாள்பட்ட கோளாறு இருந்தால் முதலில் அதைப் பார்க்க வேண்டும்.

சிலிண்டர் இருக்கும் அறையில் சிகரெட் மட்டுமல்ல, ஊதுபத்தி, சாமி விளக்கு, கொசுவர்த்தி எதுவும் எரியக் கூடாது. முகத்தில் தைலம் தடவிக்கொண்டு மாஸ்க் போடக் கூடாது. ஒரு நொடியில் பற்றும். அம்மாவிடமும் இதைச் சொல்லியாக வேண்டும். எப்படிச் சொல்வது என்று யோசிக்கிறீர்களா? சிலிண்டரை ஒளித்து வைக்க முடியாது தம்பி, அதுவும் நல்லதற்குத்தான்.

கொத்தையே அடக்க வெரபமில் என்ற மாத்திரை உண்டு. ரத்த அழுத்தத்துக்கும் கொடுப்பார்கள். இதற்குக் கொடுக்கும்போது இசிஜி எடுத்து, அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, மறுபடி இசிஜி எடுப்பார்கள். அது பிடிக்கும்வரை சில நாள் ஸ்டீராய்டு கொடுக்கலாம், அல்லது பிடரியில் ஒரு ஊசி போடலாம். வேறு கோளாறு ஒளிந்திருக்கவில்லை என்று பார்க்க ஒரு எம்ஆர்ஐ கேட்பார்கள். எடுத்துவிடுங்கள். காசுதான் யோசனை என்றால் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நரம்பியல் பிரிவு இருக்கிறது, திருப்பூரிலிருந்து பஸ்ஸிலேயே போய்விடலாம். கொத்து நடக்கும்போதே போங்கள், தை பிறந்தால் "இப்போதான் இல்லையே" என்று விட்டுவிடுவீர்கள். இடையில் காய்ச்சல், கழுத்து இறுக்கம், கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், வலிப்பு ஏதாவது சேர்ந்துகொண்டால் அது வேறு கதை, உடனே 108.

மொட்டை மாடிக்கு இனிப் போகக் கூடாது. இதற்கு ஆங்கிலத்தில் தற்கொலைத் தலைவலி என்றே ஒரு பெயர் இருக்கிறது, சும்மா வந்ததில்லை. நடுராத்திரி, கைப்பிடிச் சுவர், தாழ்ப்பாள், தனியாள். எழுதாமல் விட்ட எண்ணம் ஏதாவது அங்கே வந்திருந்தால் எனக்குச் சொல்ல வேண்டாம், உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள். டாக்டரிடமும் சொல்லுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். நடக்க வேண்டும் என்றால் கீழே ஹாலில் நடங்கள். தூக்கம் கெட்டால் கெடட்டும், வீடு என்று ஒன்று எதற்கு இருக்கிறது?

மனைவியிடம் இன்றைக்குச் சாயங்காலமே பேசுங்கள், வலி இல்லாத நேரத்தில். வலி வந்தபின் நீங்கள் யாரிடமும் பேசும் நிலையில் இருக்க மாட்டீர்கள், தொட்டால்கூடச் சீறுவீர்கள். அப்போது அவர் தலையைப் பிடித்துவிட வேண்டாம், காபி வேண்டுமா என்று கேட்க வேண்டாம், அழ வேண்டாம். சிலிண்டரைத் திறந்து, மாஸ்க்கை எடுத்துக் கொடுத்துவிட்டு, மணியைக் குறித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தால் போதும். தாலி கட்டிய பெண்ணை உங்கள் உடம்பிலிருந்து மூன்று வருஷம் தள்ளி வைத்திருக்கிறீர்கள். கோபித்துக்கொள்வார். கோபித்துக்கொள்ளட்டும், அவருக்கு உரிமை இருக்கிறது.

பெண்ணிடம் மன்னிப்புக் கேளுங்கள். அப்பன் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதா என்று தோன்றினால், அந்தத் தோன்றலோடு சேர்த்துக் கேளுங்கள். உன் கணக்கு சரி, நான் பார்த்ததுதான் தப்பு என்று சொல்லுங்கள். வியாதிக்கு என்ன பெயர், இதனால் அப்பா செத்துப்போக மாட்டார், மருந்து இருக்கிறது என்றும் சொல்லுங்கள். அவள் அதைத்தான் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருப்பாள். இனிமேல் நேரம் குறிப்பது அம்மா வேலை, நீ தூங்கு என்று அவள் பொறுப்பை வாங்கிக்கொள்ளுங்கள்.

கடையில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிப் பழைய நேரங்களை அதில் எழுதிக்கொள்ளுங்கள். ரஃப் நோட்டையும் கேட்டு வாங்கி டாக்டரிடம் எடுத்துப் போங்கள். அந்தப் பக்கத்தைக் கிழிக்க வேண்டாம். பின்னால் அவளுடைய வீட்டுக் கணக்கு ஏதாவது இருக்கும்.