கையில் 6 லட்சம் இருக்கிறது, பழைய வீட்டைப் புதுப்பிக்க எப்படித் திட்டமிடுவது?

முத்தியால்பேட்டையில் 30 வருஷத்துக் கான்கிரீட் தள வீடு, கையில் 6 லட்சம், டைல்ஸுக்கு எவ்வளவு, கிச்சனுக்கு எவ்வளவு ஒதுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கடலூர் புதுப்பாளையத்தில் அப்பா 1988இல் கட்டிய வீட்டை 2025 தை மாதம் நானும் இதே 6 லட்சத்தோடுதான் புதுப்பிக்க ஆரம்பித்தேன். முடிந்தபோது ஆன செலவு 7,33,000. அதிலிருந்து சொல்கிறேன்: எதற்கு எவ்வளவு என்று எழுதுவதற்கு முன்னால் தலைக்கு மேலே இருக்கிற கான்கிரீட் தளத்தைப் பாருங்கள். தளம் எப்படி இருக்கிறது என்று தெரியாமல் போடுகிற பட்ஜெட் நிற்காது.

என் நோட்டில் டைல்ஸ், மாடுலர் கிச்சன், பாத்ரூம், வயரிங், பெயின்ட் எல்லாம் இருந்தன. தளத்துக்கு ஒரு வரிகூட இல்லை. இத்தனைக்கும் பெஞ்சல் புயல் கரையைக் கடந்த 2024 நவம்பர் 30 இரவு ஹாலில் நாலு இடத்தில் பாத்திரம் வைத்தோம். பெயின்ட் அடித்தால் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன். முதல் நாள் மேஸ்திரி ஏணி போட்டு ஏறி, சுத்தியலால் சீலிங்கை மெல்லத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடம் ணங்கென்றது. பின் அறைப் பக்கம் போகப் போக பொத்பொத்தென்று சத்தம். ஒரு இடத்தில் பூச்சு கையோடு வந்தது, உள்ளே கம்பி செதில் செதிலாக உரிந்திருந்தது. "டைல்ஸ் அப்புறம் போட்டுக்கலாம் டீச்சர், இதை விட்டா தலையில விழும்" என்றார். அம்மா அந்த அறையில்தான் படுப்பார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

கடலோரத்தில் இது நடக்காத பழைய வீடு குறைவு. உப்புக் காற்றும் ஈரமும் விரிசல் வழியாகக் கம்பிக்குப் போகின்றன. துரு, இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும். அது தள்ளுவதால்தான் கான்கிரீட் பிளக்கிறது. அதன்மேல் பூசி மறைத்தால் துரு உள்ளேயே வளரும். கம்பிக்குப் பின்பக்கம் வரை கொத்தி, துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, துரு தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த கலவையால் அடைக்க வேண்டும். மிகவும் தேய்ந்த இடத்தில் புதுக் கம்பி சேர்த்துக் கட்ட வேண்டும். எங்கள் மொட்டை மாடியில் 2011 தானே புயலில் தென்னை விழுந்து, மேலே பதித்திருந்த தட்டையான ஓடு (தட்டோடு) உடைந்திருந்தது. அப்போது சிமென்ட் பூசி விட்டுவிட்டோம். தண்ணீர் இறங்கிய வழி அதுதான்.

சீலிங் வேலை 1,10,000, மேலே பழைய தட்டோட்டை எடுத்துப் புதிதாகப் போட 70,000. மாடுலர் கிச்சனை விட்டுவிட்டுக் கடப்பா கல்லில் அலமாரி அடித்தோம், அதில் 85,000 மிச்சம். மீதிக்கு நகையை அடகு வைத்தேன். அது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது, ஆனால் தளத்துக்காக வைத்ததில் வருத்தம் இல்லை.

அப்புறம் சில்லறைச் செலவு. 20,000 எழுதியிருந்தேன், 58,000 ஆனது. இடித்த குப்பையை அள்ள டிராக்டர், மணலையும் மூட்டையையும் மாடி ஏற்றக் கூலி, டீ, பாத்ரூம் உடைத்திருந்த நாட்களுக்கு எதிர்வீட்டு மாடி வாடகை. இவை எந்த எஸ்டிமேட்டிலும் வராது.

அதனால் உங்களிடம் 6 லட்சம் இருந்தால் 4,80,000க்குத்தான் வேலை எழுதுங்கள். அதன் கால் பங்குக்குச் சமமான மீதி 1,20,000 தனியாக இருக்கட்டும். பத்து சதவீதம் போதும் என்பார்கள், புது வீட்டுக்குச் சரி, நம் பக்கத்துப் பழைய வீட்டுக்குப் போதாது. வரிசை: தளம், தண்ணீர்க் குழாய், வயரிங், பாத்ரூம், கடைசியில்தான் டைல்ஸும் பெயின்ட்டும். வயரிங்கில் ஏசிக்கு 4 சதுர எம்எம் ஒயரைத் தனியாக இப்போதே இழுத்துவிடுங்கள், பிறகு புதுச் சுவரை உடைக்க வேண்டி வரும்.

டைல்ஸ், பெயின்ட்டைச் சதுரடிக் கணக்கில் விடலாம். கம்பி வேலையை மட்டும் நாள் கூலிக்கு விட்டுப் பக்கத்திலேயே நில்லுங்கள். சதுரடிக்கு விட்டால் துருவைச் சுரண்டுகிற நேரம்தான் குறையும். நான் லீவு போட்டு நின்றேன். பணத்தை வாரம் முடிந்த வேலைக்குக் கொடுங்கள், மொத்தமாக அட்வான்ஸ் வேண்டாம்.

பழைய எஸ்டிமேட் வைத்திருந்தால் மறுபடி விலை கேளுங்கள். நான் வாங்கியபோது சிமென்ட்டுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதம், 2025 செப்டம்பர் 22 முதல் 18தான். கடன் வாங்குவதாக இருந்தால் ஒன்று: குடியிருக்கும் வீட்டின் பழுதுபார்ப்புக் கடன் வட்டிக்குப் வருமான வரியின் பழைய முறையில் வருஷத்துக்கு 30,000 வரைதான் கழிவு. வீடு கட்டும் கடனுக்குள்ள 2 லட்சத்தை எதிர்பார்த்துக் கணக்குப் போடாதீர்கள்.

தை முடிந்ததும் ஆரம்பியுங்கள். தள வேலைக்கு மழை இல்லாத நாட்கள் வேண்டும், ஐப்பசி மழைக்குள் ஒருமுறை மாடியில் தண்ணீர் கட்டி நிறுத்திக் கீழே கசிகிறதா என்று பார்க்கவும் நாள் வேண்டும். அதைப் பார்த்த பிறகே பெயின்ட்டரைக் கூப்பிடுங்கள்.