ராணுவ அதிகாரி ஆக வேண்டும்: எந்த இன்ஜினியரிங் கல்லூரியில் சேர்ப்பது?

கேள்வி: மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். ராணுவ அதிகாரி ஆக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். சேலத்துப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் இன்ஜினியரிங்கோடு ராணுவ அதிகாரிப் பயிற்சியும் தருவதாகச் சொல்லித் தனிக் கட்டணம் கேட்கிறார்கள். கவுன்சலிங்கில் போனால் வேறு கல்லூரி கிடைக்கும். எதில் சேர்க்கட்டும்?
– ஒரு தாய், அம்மாப்பேட்டை

பதில்: கவுன்சலிங்கிலேயே போங்கள் அம்மா. எந்த இன்ஜினியரிங் கல்லூரியாலும் ராணுவ அதிகாரியை உருவாக்கித் தர முடியாது. பட்டம் முடித்துத் தேர்வாகும் பெண்களுக்கான பயிற்சி, சென்னை பரங்கிமலை ஓ.டி.ஏ. (அதிகாரிகள் பயிற்சி அகாடமி) போன்ற ராணுவத்தின் சொந்த அகாடமிகளில்தான் நடக்கிறது. அதற்கு ஆகும் செலவு அரசுடையது. பயிற்சிக் காலத்தில் மாத உதவித்தொகையும் உண்டு. கல்லூரி தரக்கூடியது என்.சி.சி. அதற்கு மேல் கேட்கும் பணம் வெறும் கோச்சிங் கட்டணம். அதற்காகக் கடன் வாங்காதீர்கள்.

ஆனால் அந்த என்.சி.சி.யைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். மூன்று ஆண்டு ஒழுங்காகப் பரேடுக்குப் போய், முகாம் முடித்து, 'சி' சான்றிதழில் குறைந்தது 'பி' கிரேடு வாங்கினால், எழுத்துத் தேர்வே இல்லாமல் ராணுவ அதிகாரி ஆவதற்கான என்.சி.சி. ஸ்பெஷல் என்ட்ரி என்ற வழியில் விண்ணப்பிக்கலாம். வயது 19 முதல் 25 வரை. டிகிரியில் 50 சதவீதம் வேண்டும். இடங்கள் மிகக் குறைவு, அதிலும் பெண்களுக்கு இன்னும் குறைவு. ஆகவே இதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது.

கல்லூரிக்கு நேரில் போய், என்.சி.சி. பொறுப்பு ஆசிரியரைப் பாருங்கள். ஏ.என்.ஓ. என்பார்கள். பெண்களைச் சேர்க்கிறார்களா என்பதுதான் முதல் கேள்வி; பையன்களுக்கு மட்டும் யூனிட் வைத்திருக்கும் கல்லூரிகளும் உண்டு. முதலாண்டிலேயே எடுக்கிறார்களா? கடந்த ஆண்டுகளில் எத்தனை பெண்கள் 'சி' தேர்வு வரை போனார்கள்? முகாமுக்குப் போகும் நாட்களுக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி வருகைப்பதிவு) கொடுக்கிறார்களா? லேப், இன்டர்னல் டெஸ்ட் என்று சொல்லி முகாமுக்கே விடாத கல்லூரியில் யூனிட் இருந்தும் பயனில்லை. சில இடங்களில் யூனிட் சுயநிதியில் நடக்கிறது, செலவு மாணவர் தலையில் விழும், அதையும் கேட்டுவிடுங்கள். முடிந்தால் பரேடு நாளில் மகளையும் அழைத்துப் போய், மூன்றாமாண்டுப் பெண்களிடம் பேச விடுங்கள். அவர்கள் மறைக்க மாட்டார்கள்.

பலர் கோட்டைவிடுவது பாடப்பிரிவில். பி.இ. முடித்தவர்களுக்கென்று எஸ்.எஸ்.சி. டெக்னிகல் (ராணுவத்தில் குறுகிய காலப் பணி) என்ற வழி இருக்கிறது. இதற்கும் எழுத்துத் தேர்வு கிடையாது. டிகிரி மதிப்பெண்ணைப் பார்த்து நேராக எஸ்.எஸ்.பி. என்ற ராணுவத் தேர்வு வாரியத்தின் நேர்முகத்துக்கு அழைப்பார்கள். ஆனால் அறிவிப்பில் உள்ள பாடப்பிரிவுகளுக்கு மட்டும்தான் இடம். சிவில், மெக்கானிக்கல், இ.இ.இ., இ.சி.இ., கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் கவலை குறைவு. புதிதாகப் பெயர் வைத்த பிரிவானால், ராணுவத்தின் இணையதளத்தில் பழைய அறிவிப்பைத் திறந்து, அந்தப் பெயர் அப்படியே இருக்கிறதா என்று சரிபார்த்த பிறகு சாய்ஸ் கொடுங்கள். என் கணக்கில் கல்லூரியின் பெயரைவிட இது முக்கியம்.

எந்த வழியில் போனாலும் எஸ்.எஸ்.பி. நேர்முகத்தைத் தாண்டியே ஆக வேண்டும். ஐந்து நாள் நடக்கும். முதல் நாள் ஸ்கிரீனிங்கிலேயே பெரும்பாலோரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். குழு விவாதத்தில் ஆங்கிலத்தில் தயங்காமல் பேச வரவேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகள் அறிவில் குறைந்தவர்கள் இல்லை, இந்தத் தயக்கத்தில்தான் வாய்ப்பை இழக்கிறார்கள். மகள் இன்றே வீட்டில் ஆங்கிலச் செய்தித்தாளைச் சத்தமாகப் படிக்கத் தொடங்கட்டும்.

இன்னொன்று: பயிற்சி தொடங்கும்போது வயது பத்தொன்பதரையைத் தாண்டாது என்றால் என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாடமி) தேர்வும் எழுதலாம். 2022 முதல் அங்கே பெண்களும் பயிற்சி பெறுகிறார்கள். யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இரண்டு முறை நடத்துகிறது. கல்லூரியில் சேர்ந்த பிறகும் எழுதத் தடையில்லை.

கண் பார்வையையும் நிறக்குருடு இருக்கிறதா என்பதையும் இப்போதே சேலம் அரசு மருத்துவமனையில் பரிசோதித்துவிடுங்கள். கவுன்சலிங் சாய்ஸ் கொடுப்பதற்கு முன்பே அது தெரிந்திருக்க வேண்டும்.