சித்தப்பாவைப் பார்த்துத்தான் திக்குகிறானா?

கேள்வி: என் கணவரின் தம்பிக்குச் சிறு வயதிலிருந்தே திக்குவாய். வீட்டில் அதைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. ஆனால் அவர் பேச்சு தடைபட்டதும் மீதியை யாராவது சொல்லி முடித்துவிடுவார்கள். நான்கு வயதாகும் என் மகனும் ஏழெட்டு மாதங்களாக 'ப... ப... பந்து' என்று திக்குகிறான். "சித்தப்பாவைப் பார்த்துப் பழகிக்கொண்டான், அவனிடம் விடாதே" என்கிறார் மாமியார். நாக்கில் தினமும் வசம்பு உரசித் தடவுகிறார். நான் என்ன செய்யட்டும்?
- வாசகி ஒருவர், திண்டுக்கல்

பதில்: முதல் வேண்டுகோள், சித்தப்பாவையும் மகனையும் பிரிக்காதீர்கள். திக்குவாய் பார்த்துப் பழகுவதால் ஒட்டிக்கொள்வதில்லை. பேச்சுக்கான தசைகளை உரிய நொடியில் இயக்கும் மூளைப் பகுதிகளின் செயல்பாட்டில் உள்ள நுண்ணிய வேறுபாடே அதன் அடிப்படை என்றும், அது பெரும்பாலும் பரம்பரையாக வருகிறது என்றும் ஆய்வுகள் காட்டுகின்றன. அதோடு தொடர்புடைய சில மரபணு மாற்றங்கள் 2010ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டன. ஒரே வீட்டில் இருவர் திக்குவதற்கு விளக்கம் இரத்த உறவில் இருக்கிறது. இதில் உங்கள் கொழுந்தனார் மீதோ, உங்கள் வளர்ப்பின் மீதோ எந்தக் குற்றமும் இல்லை.

இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில், சொற்கள் பெருகி வாக்கியங்கள் நீளத் தொடங்கும் பருவத்தில், ஏறத்தாழ 20 குழந்தைகளில் ஒன்று திக்குகிறது. பெரியவர்களில் 100 பேரில் ஒருவருக்கே அது நீடிக்கிறது என்பதால், பெரும்பாலான குழந்தைகள் தாமாகவே மீண்டுவிடுவது தெளிவு. ஆனால் ஆண் குழந்தையாக இருப்பது, நெருங்கிய உறவில் ஒருவருக்குத் திக்குவாய் நீடித்திருப்பது, ஆறு மாதங்களைத் தாண்டியும் திக்கல் தொடர்வது ஆகிய மூன்றும் அது நிலைத்துவிடும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. மூன்றும் உங்கள் மகனுக்குப் பொருந்துகின்றன. ஆகவே 'வளர்ந்தால் சரியாகிவிடும்' என்று காத்திராமல், ஒரு பேச்சுப் பயிற்சியாளரிடம் இப்போதே காட்டுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் விசாரித்தால் வழி சொல்வார்கள். பள்ளிக்கு முந்திய வயதுக் குழந்தைகளுக்கென ஆஸ்திரேலியாவில் உருவான லிட்கோம்ப் முறையில், பயிற்சியாளரின் வழிகாட்டுதலோடு பெற்றோரே வீட்டில் தினமும் சிறிது நேரம் பயிற்சி அளிக்கிறார்கள். வசம்பை நிறுத்திவிடுங்கள், அது குழந்தைகளுக்கு வாந்தியை உண்டாக்கக்கூடும், திக்குவாயின் காரணமோ நாக்கில் இல்லை. மாமியாரிடம் இதை மருத்துவர் வாயால் சொல்லவைப்பது நல்லது. பேரன் மீதுள்ள பாசத்தால் செய்பவரை மருமகள் திருத்தினால் மனவருத்தமே மிஞ்சும்.

மகன் திக்கும்போது 'மெதுவாகச் சொல்', 'மூச்சை இழுத்துவிட்டுச் சொல்' என்று கூறாதீர்கள். அவன் முகத்தைப் பார்த்து, அவன் சொல்ல வருவது என்ன என்பதில் மட்டும் கருத்தூன்றி, முடிக்கும்வரை காத்திருங்கள். நீங்கள் சற்று நிதானமாகப் பேசினால் அவனுக்கும் அவசரம் குறையும். அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் 1939ஆம் ஆண்டு, அநாதை இல்லக் குழந்தைகள் சிலரிடம், சரளமாகப் பேசியவர்கள் உட்பட, 'உன் பேச்சில் குறை இருக்கிறது' என்று திரும்பத் திரும்பச் சொல்லி ஒரு சோதனை நடத்தினார்கள். அப்படிச் சொன்னதால் அவர்கள் திக்குவாயர்களாகிவிடவில்லை. ஆனால் பலர் பேசவே தயங்கி ஒடுங்கிப்போனார்கள். நினைத்தாலே நெஞ்சு பதறும் கொடுமை அது. திக்குவதைவிடப் பேச அஞ்சுவதே ஒரு குழந்தையிடமிருந்து அதிகம் பறித்துக்கொள்கிறது.

உங்கள் கொழுந்தனாரைப் பற்றி எனக்குக் கூடுதல் கவலை. அவர் வாக்கியத்தை மற்றவர் முடிக்கும் ஒவ்வொரு முறையும், அவர் பேசுவதற்குள் வீட்டுக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது என்ற செய்தியே அவருக்குப் போய்ச் சேர்கிறது. ஊகித்துச் சொல்லும் சொல் பல வேளைகளில் தவறாகவும் இருக்கும். அதை மறுத்துச் சொல்ல அவர் இன்னொரு முறை திக்க வேண்டியிருக்கும் என்பதால், பேசாமல் தலையாட்டிவிடுவார். தனியே இருக்கும்போது, "நாங்கள் எப்படி நடந்துகொண்டால் உங்களுக்கு வசதியாக இருக்கும்?" என்று நேராகக் கேளுங்கள். திக்குவாய் உள்ளவர்களில் பலர் சிறு குழந்தைகளிடம் தடையின்றிப் பேசுவார்கள். அந்த ஆறுதலை அவரிடமிருந்து எடுத்துவிடாதீர்கள். ஒருவேளை உங்கள் மகனின் திக்கல் நீடித்தாலும், திக்கிக்கொண்டே தம் கருத்தை முழுமையாகச் சொல்லி முடிக்கும் ஒரு பெரியவர் தன் வீட்டிலேயே இருப்பது அவனுக்குப் பெரும் பலம்.

கேள்வி: என்னுடன் பணிபுரியும் நண்பர் நன்றாகப் பாடுகிறார், ஆனால் தம் பெயரைச் சொல்லும்போது மட்டும் கடுமையாகத் திக்குகிறார். இது வெறும் பதற்றம்தானா?
- வாசகர் ஒருவர், ஆவடி

பதில்: இல்லை. தாளத்தோடு பாடும்போதும் பலரோடு சேர்ந்து சொல்லும்போதும் திக்கல் பெரும்பாலும் மறைந்துவிடும். அது திக்குவாயின் இயல்பு. பேச்சில் கடினமான சொல் வந்தால் வேறு சொல்லுக்குத் தாவலாம், ஆனால் சொந்தப் பெயருக்கு மாற்று கிடையாது. கேட்பவரும் உடனடி விடையை எதிர்பார்த்து நிற்பார். பதற்றம் திக்கலைக் கூட்டலாமே தவிர, அதைத் தோற்றுவிப்பதில்லை. கூட்டங்களில் அவரை நீங்களே முந்திக்கொண்டு அறிமுகப்படுத்த வேண்டாம். அப்படிச் செய்வது தமக்கு உதவி என்று அவர் கருதினால், அதை அவரே உங்களிடம் கேட்கட்டும்.